பொன்மணி எழுதிக் கொடுத்த வேளை

மனசு சரியில்லை என்று அந்த ஆஸ்பத்திரிக்கு வருகிற யாரும் நேரே டாக்டரைப் பார்த்துவிட முடியாது. முதலில் பொன்மணியைப் பார்க்க வேண்டும். மயிலாப்பூர் கச்சேரி ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிற சின்ன தர்ம ஆஸ்பத்திரி அது. மாடிப்படிக்குக் கீழே அவளுக்கு ஒரு மேசை போட்டிருந்தார்கள். படியின் சரிவு மேலே வந்து இறங்குகிற இடம் என்பதால் உயரமானவர்கள் எழுந்திருக்கும்போது தலையில் இடித்துக்கொள்வார்கள். அதனால் எத்தனை பெரிய துக்கத்தைக் கேட்டுவிட்டு அனுப்பினாலும் அவள் கடைசியாகச் சொல்கிற வார்த்தை, "தலை, தலை" என்பதாகவே இருக்கும்.

அவள் வேலை வைத்தியம் பார்ப்பது இல்லை. வந்தவர்களில் யார் இப்போதே உள்ளே போக வேண்டும், யார் ஒரு மணி நேரம் உட்காரலாம், யார் நாளைக்கு வந்தாலும் கெட்டுப்போகாது என்று பார்த்துப் பிரிப்பது. சிவப்பு, மஞ்சள், பச்சை. நோயாளிகளின் நோட்டில் ஒட்டக் கலர் ஸ்டிக்கர் தருகிறோம் என்று ஆபீசில் ஒன்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவள் வடக்கு மாட வீதியில் பெண்பிள்ளைகள் தலைமுடிக்கு வாங்குகிற கலர் ரப்பர் பேண்டுகளை வாங்கிவந்து நோட்டுகளுக்குப் போட்டுவிட்டாள்.

பட்டினப்பாக்கத்துக்காரி. அம்மா கடற்கரை ரோட்டில் மீன் விற்றவள். கூவிக் கூவி விற்றவள் வயிற்றில் இப்படி ஒரு வாயில்லாப் பூச்சி எப்படிப் பிறந்தது என்று சொந்தக்காரர்கள் கேலி செய்வார்கள். நர்சிங் முடித்து வந்த புதிதில் அவளைப் பிரசவ வார்டில் போட்டார்கள். "இன்னும் முக்கும்மா" என்று அவள் சொன்னது பிள்ளை பெறுகிறவளுக்குக் கேட்கவில்லை. ஆபரேஷன் தியேட்டரில் போட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் டாக்டர் மூன்று தடவை "என்ன?" என்றார். கடைசியில், யாரும் கேட்டு வாங்காத இந்த மேசைக்கு அனுப்பினார்கள். இங்கே வந்த பிறகுதான் அவளுக்கு ஒன்று தெரிந்தது. சின்னக் குரலில் பேசினால் எதிரே இருக்கிறவர்கள் குனிந்து கிட்டே வருகிறார்கள். கிட்டே வந்தவர்கள் கொஞ்சம் கூடுதலாகவே சொல்லிவிடுகிறார்கள்.

எடுத்தவுடனே என்ன கஷ்டம் என்று கேட்கமாட்டாள். பிரஷர் பார்க்கிற பட்டையைக் கையில் சுற்றுவாள். பட்டை கையில் இருக்கிறவரை ஆள் எழுந்து போக முடியாது. அந்த நேரத்தில், "நேத்து என்ன குழம்பு?" என்று கேட்பாள். குழம்பு ஞாபகம் இல்லாதவர்கள், சாப்பிட்டேனா என்று கூட வந்தவரைத் திரும்பிப் பார்க்கிறவர்கள், குழம்பைப் பற்றிக் கேட்டதற்கே கண் கலங்குகிறவர்கள் என்று ஒவ்வொருவராக அவளுக்குப் பிடிபடுவார்கள். ஒருமுறை ஒரு ஆள் நாற்காலியைத் தூக்கி அடித்தான். அவனுக்கு மஞ்சள் போட்டு, அவனுக்குப் பின்னால் சிரித்துக்கொண்டு நின்ற ஒரு கல்லூரிப் பெண்ணுக்குச் சிவப்பு போட்டாள். இனித் தேவைப்படாது என்று சொல்லித் தன் பொருள்களை எல்லாம் அந்தப் பெண் முதல் நாள் தோழிகளுக்குக் கொடுத்திருந்தாள். அது பொன்மணி கேட்காமல் அவளாகச் சொன்னது.

"அத்தாம் பெரிய ஆள் நாற்காலிய ஒடைக்கறான், நீ இன்னா அவனை குந்த வெச்சிட்டே?" என்று அன்றைக்கு ஜானு கேட்டாள். ஜானு அங்கே ஆயா வேலை பார்க்கிறவள். சக்கர நாற்காலி தள்ளுவது முதல் டாக்டருக்கு டீ வாங்குவது வரை எல்லாம் அவள்தான்.

"அவனுக்குத் தெம்பு இருக்கு ஜானு. சண்டை போடறவன் ஒரு மணி நேரம் தாங்குவான்" என்றாள் பொன்மணி.

போன வருடம் ரமலானில் ஒரு சம்பவம். வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிற ஒரு ஆள், பகலில் போட முடியாதே என்று மூன்று வேளை மாத்திரையையும் இரவில் ஒன்றாகப் போட்டுக்கொண்டு கடையிலேயே விழுந்துவிட்டார். அந்தப் பக்கத்தில் முஸ்லிம் வீடுகள் நிறைய. நோன்பு வைக்காதே என்றால் யாரும் கேட்கப்போவதில்லை. கேட்பதாகத் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போய் வைப்பார்கள். அதனால் இந்த வருடம் முன்கூட்டியே ஒரு தாளில் கோடு போட்டு, விடியலுக்கு முன் சாப்பிடுகிற சஹருக்கு ஒரு பிறை, நோன்பு திறக்கிற நேரத்துக்கு ஒரு பேரீச்சம்பழம் என்று வரைந்து, எந்த மாத்திரை எந்த வேளை என்று எழுத இடம் விட்டு, நூறு நகல் எடுத்துவைத்தாள். படிக்கத் தெரியாதவர்களுக்குக்கூடப் புரியும்.

மனநல டாக்டர் வேதாந்தம் அதை மூக்குக் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். "ரொம்ப நன்னாருக்கும்மா. பேரீச்சம்பழம் மட்டும் கத்திரிக்காய் மாதிரி இருக்கு" என்றார். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு ஒன்று சொன்னார். "லித்தியம் சாப்பிடறவாளுக்கு மட்டும் நீயா எழுதிக் குடுத்துடாதே. அவாள ஏங்கிட்ட அனுப்பு. அது உப்பு மாதிரி. உடம்புல தண்ணி வத்தினா ரத்தத்துல தங்கிடும். அப்புறம் அந்த மாத்திரையே வெஷம்." பொன்மணி தலையாட்டினாள்.

லித்தியம் சாப்பிடுகிறவர்கள் அங்கே மொத்தமே நான்கு பேர். நான்கு பேரில் ஒருவர் ஷரஃபுதீன் பாய்.

பஜார் ரோட்டில் பெட்டி ரிப்பேர் கடை வைத்திருந்தார் அவர். சூட்கேஸ் சக்கரம், பிடி, பல் விட்டுப்போன ஜிப் எதுவானாலும் சரி செய்வார். பதினோரு வருடத்துக்கு முன் மூன்று நாள் தூங்காமல், பேச்சு நிற்காமல், கடையில் ரிப்பேருக்கு வந்திருந்த பெட்டிகளை எல்லாம் தெருவில் போகிறவர்களுக்குத் தானம் கொடுத்துவிட்டார். அப்போது ஆரம்பித்தது அந்த மாத்திரை. அதற்குப் பிறகு ஒரு நாள் தவறியதில்லை, நோயும் திரும்பவில்லை. மாதாமாதம் வருவார். பொன்மணியின் கைப்பை ஜிப்பை ஒருமுறை அந்த மேசையிலேயே பல்லால் கடித்துச் சரிசெய்து கொடுத்திருக்கிறார்.

நோன்பு பிறப்பதற்கு இரண்டு நாள் முன்னால் அவர் மாத்திரை வாங்க வந்தார். அன்றைக்கு டாக்டர் விடுப்பு. மேசையைச் சுற்றி நாற்பது பேர். "சிஸ்டர், நோன்புக்கு எப்படிப் போடறது? வருஷாவருஷம் டாக்டரைத்தான் கேப்பேன்." என்று அவர் கேட்க, பொன்மணி ஒரு தாளை உருவி, பிறைக்குக் கீழே ஒன்று, பழத்துக்குக் கீழே ஒன்று என்று எழுதிக் கொடுத்தாள். "தலை, தலை" என்றாள். அவர் குனிந்து எழுந்து போனார்.

பதினெட்டாம் நோன்பு அன்று காலை ஒன்பதரை மணிக்கு அவரைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். ஒரு பக்கம் மனைவி ஜைதூன் பீ, இன்னொரு பக்கம் மகன் தௌஃபீக். பாய் கால் அகட்டி அகட்டி வைத்தார். வாயோரம் ஈரம்.

"வாசல்ல எமர்ஜென்சிக்குத்தான் போனோம். நோட்டுல மனநலம்னு சீல் பாத்துட்டு, பின்னாடி மாடிப்படி கீழ போங்கன்னுட்டாங்க" என்றாள் ஜைதூன் பீ.

"பழைய கேஸ்தான் சிஸ்டர்" என்றான் தௌஃபீக். பாண்டி பஜாரில் செல்போன் கடையில் வேலை. நோன்பு மாதத்தில் கடையில் கூட்டம். கையிலிருந்த போனை நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்தான். "நாலு நாளா இப்படித்தான் கீறாரு. ஒரு ஊசி போட்டு வுடுங்க. எனக்கு டூட்டிக்கு டைம் ஆவுது."

பொன்மணி பட்டையைச் சுற்றினாள். பாயின் கை அவள் கைக்குள் உதறியது. சாதாரண நடுக்கம் இல்லை. கயிறு கட்டி யாரோ இழுப்பதுபோல் இருந்தது. "பாய், நேத்து என்ன சாப்டீங்க?"

அவர் சொன்னது வாய்க்குள்ளேயே குழைந்தது. கஞ்சி என்றது மட்டும் புரிந்தது.

"கஞ்சி எங்க உள்ள நின்னுச்சு? மூணு நாளா வாந்தியும் பேதியுமா போவுது. வெயிலு வேற. நோன்ப வுடுங்கன்னு சொன்னா, கேக்கணுமே" என்றாள் ஜைதூன் பீ.

பொன்மணிக்கு அவருடைய பழைய நோய் நோட்டில் படித்து நன்றாகத் தெரியும். அது வந்தால் அவர் பறப்பார். பேச்சு நம்மைத் தாண்டி ஓடும். இவரோ தண்ணீருக்குள் நடப்பதுபோல் நடந்து வந்திருக்கிறார். இது அது இல்லை. அப்படியானால் எது என்று அவள் யோசிப்பதற்குள் ஜைதூன் பீ பேசினாள்.

"மாத்திரைய ஒரு வேளை வுடல சிஸ்டர். என் கையாலதான் கொடுக்கறேன். சஹர்ல ஒண்ணு, நோன்பு தொறந்ததும் ஒண்ணு. நீங்க எழுதிக் குடுத்தாப்பலயே."

நோட்டுக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து மேசையில் வைத்தாள். உறைக்குள் அந்தத் தாள். எண்ணெய்க் கை படாமல் இருக்க உறை போட்டிருந்தாள். போட்ட மாத்திரைக்கு எல்லாம் ஒவ்வொரு நாளும் பென்சிலால் ஒரு புள்ளி. பதினேழு நாளுக்கு வேளைக்கு ஒன்றாக முப்பத்துநான்கு புள்ளிகள். இன்றைக்குச் சஹருக்கு ஒன்று. ஒன்றுகூட விடுபடவில்லை.

வேதாந்தம் டாக்டர் சொன்ன வார்த்தை முழுசாக, அவர் குரலிலேயே கேட்டது.

மேசையில் கிடந்த தாளைப் பார்த்தாள். அவளுடைய கையெழுத்து. அதை எடுத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. நோன்பு வைத்தார், தண்ணீர் குடிக்கவில்லை, மாத்திரை விஷமாகிவிட்டது என்று சொன்னால் போதும், அதுவும் உண்மைதான். விரல் உறையின் ஓரத்தைத் தொட்டது. ஆனால் அந்தத் தாள் இல்லாவிட்டால், எந்த வேளை எத்தனை மாத்திரை போனது என்பதற்கு வேறு கணக்கு இல்லை. பாயைக் காப்பாற்றுகிறவர்களுக்கு அந்தப் புள்ளிகள் வேண்டும். அதை நோட்டின் மேலேயே வைத்து, இரண்டுக்கும் சேர்த்து சிவப்பு ரப்பர் பேண்டைப் போட்டாள்.

வேதாந்தம் டாக்டர் வர மதியம் ஒரு மணி ஆகும். பாய்க்கு அத்தனை நேரம் இல்லை.

"ஜானு, நாற்காலி கொண்டா. எமர்ஜென்சிக்குப் போறோம்."

"முன்னாடிலேர்ந்துதான பின்னாடி அனுப்ச்சாங்கோ? மறுபடி முன்னாடியா? இன்னா சிஸ்டர், ராட்டினமா சுத்திக்கினு கீறோம்?" என்றபடியே ஜானு நாற்காலியைத் தள்ளிவந்தாள். பாயின் முகத்தைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திக்கொண்டு ஓட்டமாகத் தள்ளினாள்.

எமர்ஜென்சியில் டாக்டர் மதுவந்தி இருந்தாள். சின்ன வயது. காலையிலிருந்து உட்காரவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. "சிஸ்டர், இவர் உங்க பேஷண்ட்னுதானே அனுப்பினேன்? சார் வர்ற வரைக்கும் அங்கேயே வெச்சுக்கோங்களேன்."

"இல்ல டாக்டர். இன்னிக்கு இவர் உங்க பேஷண்ட்" என்றாள் பொன்மணி.

"என்ன?"

வாழ்நாள் முழுக்க அவள் கேட்ட அதே "என்ன?" தான். பொன்மணி மூச்சை இழுத்துக்கொண்டாள். அவளுக்கே அடையாளம் தெரியாத ஒரு குரல் வந்தது. பக்கத்துக் கட்டிலில் கைக்கட்டுப் போட்டுக்கொண்டிருந்த ஆள்கூடத் திரும்பிப் பார்த்தார்.

"லித்தியம் சாப்பிடறார் டாக்டர். பதினெட்டு நாளா பகல்ல தண்ணி இல்ல. மூணு நாளா வாந்தி, பேதி. கை உதறுது, நாக்கு குழறுது, நடை தள்ளாடுது. மனசு கெட்டுப் போய் வரல இவர். மாத்திரை ரத்தத்துல தங்கிருச்சு. சஹருக்கும் நோன்பு தொறக்கவும் போடுங்கன்னு நான்தான் எழுதிக் குடுத்தேன். சார்கிட்ட அனுப்பியிருக்கணும். அனுப்பல. இதோ தாள்."

மதுவந்தி தாளைப் பார்த்தாள், பொன்மணியைப் பார்த்தாள். அடுத்த நிமிடம் பாய் கட்டிலில் இருந்தார். ரத்தம் எடுத்தார்கள். உப்புத் தண்ணீர் பாட்டில் ஏறியது. மாத்திரையை நிறுத்தச் சொன்னார்கள். பன்னிரண்டரைக்கு முடிவு வந்தது. ரத்தத்தில் இருக்க வேண்டிய அளவைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். இன்னும் ஒரு நாள் போயிருந்தால் கிட்னியும் போய் ஆளும் போயிருப்பார் என்று மதுவந்தி டாக்டர் போனில் வேதாந்தத்திடம் சொன்னது பொன்மணி காதில் விழுந்தது. பிழைப்பாரா என்பதை இரண்டு நாள் கழித்துத்தான் சொல்ல முடியுமாம்.

வராந்தா பெஞ்சில் ஜைதூன் பீ துப்பட்டா நுனியைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பொன்மணி போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் குரல் பழையபடி சின்னதாகிவிட்டிருந்தது.

"அக்கா, நீங்க எதுவும் தப்பா கொடுக்கல. நான்தான் தப்பா எழுதிக் குடுத்துட்டேன். அந்த மாத்திரைக்கு அப்படி எழுதக் கூடாது. எனக்குத் தெரியும். மறந்துட்டேன்."

ஜைதூன் பீ துப்பட்டாவை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். கண்ணில் கோபம் இருந்தது. ஆனால் அது பொன்மணியைத் தாண்டி, தூண் ஓரம் நின்ற மகனிடம் போய் நின்றது.

"நீ மறந்தே. சரி. ஆனா இவன் இருக்கானே... முந்தாநாள் இவரு தள்ளாடிக்கினு தொழுகைக்குப் போறாரு. இவன் நடுத் தெருவுல நின்னு, 'அத்தா, குடிச்சிருக்கீங்களா?'ன்னு கேட்டான். நோன்பாளிய. நாலு பேரு பாக்க, வாய ஊதுங்கன்னான். இவரு ஊதிக் காட்டினாரும்மா. அதுக்கப்பறம்தான் இவரு பிடிவாதம் ஜாஸ்தியாச்சு. வாந்தி எடுத்து எடுத்து வயிறு ஒட்டிப்போச்சு. நோன்ப மட்டும் வுடமாட்டேன்னுட்டாரு."

தௌஃபீக் போனைப் பையில் போட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். அன்றைக்கு அவன் கடைக்குப் போகவில்லை.

வேதாந்தம் வந்ததும் பொன்மணியைக் கூப்பிட்டார். "ஏம்மா, லித்தியம் சாப்பிடறவாள ஏங்கிட்ட அனுப்புன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க சார்."

"பின்னே?"

"கூட்டமா இருந்துச்சு. கை பாட்டுக்கு எழுதிருச்சு."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நடந்ததை எழுதிக் குடுத்துடு. ஆபீஸ்ல கேப்பா. மேசைய விட்டு மாத்தினாலும் மாத்துவா. அன்னிக்கு நான் லீவுன்னும் எழுது. எனக்குப் பதிலா யாரையும் போடலைன்னும் எழுது. நாப்பது பேருக்கு நீ ஒருத்தின்னும் எழுது. விட்டுடாதே." பிறகு, "அந்தப் பாக்கித் தாளெல்லாம் எங்கே? கொண்டா. ஒவ்வொண்ணா நானும் பார்த்துடறேன்" என்றார்.

அன்று சாயங்காலம் பட்டினப்பாக்கம் குடியிருப்பில் அவள் கணவன் ஜவஹர் வஞ்சிர மீன் குழம்பு வைத்திருந்தான். பஸ் டிப்போவில் மெக்கானிக். சீக்கிரம் வருகிற நாளில் சமையல் அவனுடையது. அவள் தட்டில் சோற்றை வைத்து வைத்து எடுத்தாள். எல்லாவற்றையும் சொன்னாள்.

"நீ சொல்லலன்னா டாக்டருக்குத் தெரிஞ்சிருக்குமா?" என்று கேட்டான் அவன்.

"தெரிஞ்சிருக்காது."

"அந்தாளுக்கு வைத்தியம் லேட் ஆகியிருக்குமா?"

"ஆகியிருக்கும். பழைய நோட்டைப் பாத்தா யாரும் உடம்பைப் பாக்கமாட்டாங்க."

அவன் ஒரு துண்டு மீனை முள் எடுத்து அவள் தட்டில் வைத்தான். "மேசை போனா போகட்டும். படிக்கட்டுக்குக் கீழ ஒம்போது வருஷமா குனிஞ்சே கிடந்தே. துன்னு."

அவளுக்கு மேசை முக்கியமில்லை. பாய் பிழைக்க வேண்டும்.

மறுநாள் பாய் யாரையும் அடையாளம் தெரிந்துகொள்ளவில்லை. ஜைதூன் பீயைத் தன் தங்கை என்றார். கை காற்றில் எதையோ தைத்துக்கொண்டிருந்தது. பொன்மணி தன் மேசை வேலைக்கு நடுவே நான்கு தடவை வந்து பார்த்தாள். சிறுநீர்ப் பையில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பார்ப்பாள். அளவைக் குறித்துக்கொண்டு போவாள். தௌஃபீக் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தான். கடையிலிருந்து வந்த அழைப்புகளை எடுக்கவில்லை.

மூன்றாம் நாள் நடுக்கம் குறைந்தது. தண்ணீரை விழுங்க முடிகிறதா பார்க்கலாம், ஸ்பூனால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள், வாய் வழியாக உள்ளே போக ஆரம்பித்தால்தான் பாட்டிலை நிறுத்த முடியும் என்றாள் மதுவந்தி. ஜைதூன் பீ ஸ்பூனைக் கிட்டே கொண்டுபோனாள். பாய் உதட்டை இறுக்கிக்கொண்டார். கண் மூடியே இருந்தது. திரும்பத் திரும்பக் கொடுத்துப் பார்த்தாள். பல் கிட்டியதுபோல வாய் திறக்கவில்லை.

பொன்மணியைக் கூப்பிட்டார்கள். அவள் வந்து நின்ற நேரம், கச்சேரி ரோட்டுப் பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். ஜைதூன் பீக்கு என்ன தோன்றியதோ, அவர் காதருகே குனிந்தாள்.

"என்னங்க, பாங்கு சொல்லியாச்சு. மஃரிப் ஆயிடுச்சு, பொழுது சாஞ்சிடுச்சு. நோன்பு தொறங்க."

பாய் ஒரு கண்ணைத் திறந்தார். ஜன்னலைப் பார்த்தார். கம்பி நிழல் கட்டிலுக்குக் கீழே குட்டையாக விழுந்து கிடந்தது. நாக்கு இன்னும் கொஞ்சம் தடித்திருந்தது.

"ஜைதூன்... மஃரிபுக்கு இவ்வளவு வெயிலா அடிக்கும்? இது லுஹர், நடுப்பகல் பாங்கு. என்னை ஏமாத்தறியா?"

ஜைதூன் பீ ஸ்பூனைக் கீழே போட்டுவிட்டு முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. பொன்மணி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். ஆள் தெரிகிறது. வேளை தெரிகிறது. பொய்யும் தெரிகிறது. மனசு தெளிந்திருக்கிறதா என்று பார்க்க டாக்டர்கள் கேட்கிற கேள்விகள் அத்தனைக்கும் அவர் ஒரே மூச்சில் பதில் சொல்லிவிட்டார்.

"சிஸ்டரா?" என்றார் பாய்.

"நான்தான் பாய். தண்ணி குடிக்கணும்."

"நோன்பு."

"மார்க்கத்தைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. உங்க பள்ளிவாசல் இமாம் நேத்தே வந்து, நோயாளிக்கு இது கடமை இல்ல, உடம்பு தேறின பிறகு வெச்சுக்கலாம்னு அக்காகிட்ட சொல்லிட்டுப் போனார். நீங்க அப்ப நினைவில்லாம இருந்தீங்க. எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். நான் தப்பா எழுதிக் குடுத்ததை நீங்க ஒரு வேளை தவறாம செஞ்சீங்க. இப்ப சரியா சொல்றேன். இதையும் கேளுங்க."

"நான் நோன்பு விட்டா, தெருவுல என்ன சொல்வாங்க? குடிச்சது நெஜம்தான்னு சொல்லமாட்டாங்களா?" என்றார் பாய்.

சுவரோரம் நின்ற தௌஃபீக் முன்னால் வந்தான். தரையில் விழுந்த ஸ்பூனை எடுத்துக் குழாயில் கழுவினான். அம்மாவிடமிருந்து தண்ணீர் டம்ளரை வாங்கிக்கொண்டு கட்டில் ஓரம் முட்டி போட்டு உட்கார்ந்தான்.

"தெருவுல நான் பேசிக்கறேன் அத்தா. கேட்டவன் நான்தானே. அதே எடத்துல நின்னு நானே சொல்றேன்."

குரல் பாதியிலேயே உடைந்தது. ஸ்பூன் ஆடித் தண்ணீர் கட்டிலில் சிந்தியது. பாய் அவன் கையைப் பார்த்தார்.

"எனக்குத்தான் நடுக்கம்னாங்க. ஒனக்கு என்னடா?" என்றார். பிறகு, "குடிச்சதும் ஊதிக் காட்டணுமா?"

"அத்தா..."

"சரி, சரி. அழுவாதே. குடு."

வாய் திறந்தது. முதல் ஸ்பூன் இறங்குகிறதா என்று பொன்மணி அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருமல் வரவில்லை. இறங்கியது. இரண்டாவதும் இறங்கியது. மூன்றாவதற்கு அவர் தலையைத் தானாகவே கொஞ்சம் தூக்கினார். பொன்மணி கழுத்துக்குக் கீழே கை கொடுத்துத் தாங்கிக்கொண்டாள். ஆறு ஸ்பூன், ஏழு ஸ்பூன். ஜைதூன் பீ உதட்டுக்குள் எதையோ ஓதிக்கொண்டே அவர் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு நோன்பு; அவள் உதடு வெடித்திருந்தது.

வாசலில் ஜானு எட்டிப் பார்த்தாள். "சிஸ்டர், ஒன் மேசைக்கு முன்னாடி பன்னெண்டு பேரு குந்திக்கினு கீறாங்கோ. ஆபீஸ்லேர்ந்து வேற ஆளு வந்து நிக்கறாரு, ஒன் லெட்டரு எங்கன்னு."

"சொல்லு ஜானு, வரேன்னு."

"இன்னான்னு சொல்றது?"

"தண்ணி குடுத்துட்டு வரேன்னு சொல்லு."

டம்ளர் தீர்ந்தது. தௌஃபீக் அதைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் பொன்மணியைப் பார்த்தான். பாய் கண்ணை மூடி நாக்கால் உதட்டைத் தடவிக்கொண்டார். இரண்டு வாரத்துக்கு மேலாகப் பகலில் ஒரு வாய் தண்ணீர் உள்ளே இறங்கியதில்லை.

"இன்னும் கொஞ்சம் குடு" என்றார்.

பொன்மணி குழாயடிக்குப் போகிற தௌஃபீக்கிடமிருந்து டம்ளரை வாங்கிக்கொண்டு, தானே போய் வராந்தாவில் இருந்த குடிதண்ணீர்ப் பானையிலிருந்து நிறைய மொண்டு வந்தாள்.